லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி: கூடுதல் விலை கொடுக்கலாமா?

பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் நமக்கும் கேமரா லென்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கல்லாவை விட்டு வேறு தொழில்களுக்குப் போகிறார்கள். அதற்கு முதல் போடுவது பெரும்பாலும் நாம்தான். சென்ற மாதம் நம் தம்பி மகனும் ஸ்டுடியோவுக்கு லென்ஸ் வாங்கப் பணம் கேட்டு வந்தான். தம்பி இப்போது இல்லை. வாங்கிய கடன் தொழிலில் திரும்பாவிட்டால் அந்தக் குடும்பம் தாங்காது. ஆகவே நன்றாக விசாரித்தோம். அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

அவன் கொண்டுவந்தது இரண்டு விலை. இரண்டுமே கேனான் கம்பெனியின் 70-200 மி.மீ. எஃப்/4 லென்ஸ், கைமாறி வந்தவை. ஒன்று 1999-இல் வெளிவந்த சாதா மாடல். மற்றது 2006-இல் வெளிவந்த, ஸ்டெபிலைசர் வைத்த மாடல். இதற்கு ஏறக்குறைய இரு மடங்கு விலை. "பெரியப்பா, இது இருந்தால் மங்கின வெளிச்சத்திலும் படம் ஆடாது" என்றான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. நீளமான தொரட்டியின் நுனி ஆடுவதுபோல, தூரத்தைக் கிட்டே காட்டும் லென்ஸில் கை நடுக்கம் பெரிதாகத் தெரியும். 200 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால் 1/200 விநாடி வேகமாவது வேண்டும் என்பது போட்டோகிராபர்களின் பழைய கணக்கு. சென்சார் சிறிதாக உள்ள கேமராவுக்கு இன்னும் வேகம் வேண்டும்.

ஸ்டெபிலைசர் லென்ஸுக்குள் கை ஆடுவதை உணரும் சிறு கருவிகள் இருக்கின்றன. கை ஒருபுறம் அசைந்தால், உள்ளே இருக்கும் கண்ணாடித் தொகுதியைக் காந்த விசையால் நகர்த்தி அந்த அசைவை ஈடுகட்டுகின்றன. 1994-இல் நிக்கான் இதை ஒரு சிறிய கேமராவில் வைத்தது. 1995-இல் கேனான், கழற்றி மாட்டும் லென்ஸில் கொண்டுவந்தது. 2006 மாடல் நான்கு படி உதவும் என்பது கம்பெனியின் கணக்கு. ஒரு படி என்றால் நேரம் இரட்டிப்பு. அதாவது 1/200 வேண்டிய இடத்தில் 1/12 விநாடி போதும்.

மிளகாயோ பருப்போ, மாதிரி பார்க்காமல் நாம் கொள்முதல் செய்வதில்லை. இரண்டு லென்ஸையும் ஒருநாள் வாடகைக்கு எடுத்துவரச் சொன்னோம். நம் குடோன் வெளிச்சத்தில், 1/25 விநாடியில், மூட்டைகளையும் அவற்றைத் தூக்கும் ஆட்களையும் எடுத்தான்.

சாதா லென்ஸில் மூட்டையில் அச்சடித்த எழுத்து கலங்கியிருந்தது. ஸ்டெபிலைசர் லென்ஸில் அதே எழுத்தைத் தெளிவாக வாசிக்க முடிந்தது. ஆனால் மூட்டை தூக்கியவரின் கைகள் இரண்டு படத்திலும் கலங்கித்தான் இருந்தன. இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தக் கருவி நம் கையின் ஆட்டத்தை மட்டுமே அடக்கும். எதிரே இருப்பவர் அசைவதை அடக்காது. அதற்கு வேகம்தான் வேண்டும். வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும்.

பிறகு அவனுடைய ஆர்டர் நோட்டைப் பார்த்தோம். பெரும்பகுதி கல்யாணமும் மேடை நிகழ்ச்சியும். மணமேடையில் யாரும் மூட்டை போல அசையாமல் உட்கார்ந்திருப்பதில்லை. தாலி கட்டும் கை கலங்கிப்போனால் மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? எஃப்/1.8 வாய் அகலமுள்ள 85 மி.மீ. லென்ஸ் ஒன்று இருக்கிறது. எஃப்/4-ஐ விட அது ஏறக்குறைய ஐந்து மடங்கு வெளிச்சம் வாங்கும். 1/25 வேண்டிய இடத்தில் 1/125-இல் எடுக்கலாம். ஆகவே சாதா மாடலையும், மிச்சப்பட்ட பணத்தில் இந்த லென்ஸையும் வாங்கச் சொன்னோம். அப்படியே வாங்கினான்.

இதனால் ஸ்டெபிலைசர் வீண் என்று நாம் சொல்லவில்லை. நீண்ட லென்ஸைக் கையில் பிடித்து, அசையாத பொருளை, குறைந்த வெளிச்சத்தில் எடுப்பவருக்குக் கொடுத்த காசுக்கு மதிப்பு உண்டு. கையில் பிடித்து வீடியோ எடுப்பவருக்கும் மிகவும் உதவும். கடைச் சரக்கைப் படம் பிடிக்கும் நமக்கோ, ஒரு நல்ல முக்காலி ஸ்டாண்டு போதும். ஸ்டாண்டில் வைத்தால் பழைய ஸ்டெபிலைசர் லென்ஸ்கள் பலவற்றில் அந்த வசதியை அணைத்துவிடவும் வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும். இப்போது வரும் கேமராக்கள் பலவற்றில் உடலுக்குள்ளேயே ஸ்டெபிலைசர் இருக்கிறது. அது இருந்தால், லென்ஸிலும் அதற்குத் தனியாகக் காசு கொடுக்குமுன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

மூட்டை நிறுக்கும் கடைக்குத் தங்கத் தராசு எதற்கு? பிள்ளைகள் விலைப்பட்டியலோடு வந்தால், முதலில் அவர்களுடைய ஆர்டர் நோட்டைக் கேட்போம். அதன்பிறகு பெட்டியைத் திறப்போம்.