சிசுவின் குடலில் விழும் துவாரம்

பத்து மாதம் கர்ப்பத்தில் இருக்கவேண்டிய சிசு ஆறாம் மாதத்திலேயே பிறந்துவிட்டால், மூச்சு நிற்குமா நிலைக்குமா என்று கவலைப்படுகிற உற்றார் உறவினர் அதன் குடலைப் பற்றி அநேகமாக நினைப்பதேயில்லை. ஆனால் ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள இக்குழந்தைகளில் சிலருக்கு, பிறந்த முதல் பத்து நாட்களுக்குள், பால் ஒரு துளிகூட உள்ளே செல்லாதபோதும், சிறுகுடலின் கடைப்பகுதியில் தானாகவே ஒரு சிறு துவாரம் விழுந்துவிடுவதுண்டு. சுற்றியுள்ள குடல் ஆரோக்கியமாகவே இருக்க, அந்த ஓரிடத்தில் மட்டும் தசைப்படலம் நைந்த துணிபோல் மெலிந்திருக்கும். முதல் சில தினங்களில் இண்டோமெதசின் என்ற மருந்தையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுப்பது இந்த அபாயத்தை அதிகரிக்கிறது என்பதால், வைத்தியர்கள் இப்போது அவ்விரண்டையும் ஒருசேரத் தர அஞ்சுகிறார்கள்.

குடல் அழுகல் நோய் இதற்கு அண்டை வீட்டுக்காரன்தான் என்றாலும் சுபாவம் வேறு; அது பெரும்பாலும் பால் கொடுக்கத் தொடங்கிச் சில வாரங்கள் சென்றபின் வந்து, குடலின் நீண்ட பாகங்களையே நாசமாக்கிவிடும்.

துவாரம் விழுந்ததன் முதல் அடையாளம் பல சமயம் துணி மாற்ற வந்த நர்ஸின் கண்ணில்தான் படுகிறது: காலையில் தளர்ந்திருந்த வயிறு உப்பி, தோலில் கருநீலம் படர்ந்திருக்கும். இடப்பக்கமாகப் படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில், ஈரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே, இருக்கக்கூடாத காற்று கறுப்பாகத் தெரியும்.

வயிற்றைத் திறந்து ரண சிகிச்சை செய்வதே முறை என்றிருந்த காலத்தில், 1977-இல், டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனை வைத்தியர்கள், அறுவையைத் தாங்கமாட்டா என்று அஞ்சிய சிசுக்களுக்கு, அவ்விடத்தை மட்டும் மரக்கச்செய்து, சிறு கீறலின் வழியே ரப்பர் குழாயொன்றைச் செருகி அசுத்த நீரை வடித்தார்கள். உயிரைப் பிடித்துவைக்கும் தற்காலிக உபாயமாகவே கருதப்பட்ட அதனால், சில குழந்தைகள் வேறு அறுவையின்றியே குணமடைந்தது ஆச்சரியந்தான்.

எது மேல் என்ற விவாதம் நெடுநாள் நீடித்தது. அமெரிக்காவில் ஒரு கிலோவுக்கு மேற்படாத 310 சிசுக்களிடம் நடந்து 2021-இல் வெளியான பரிசோதனையில், மரணமோ மூளை வளர்ச்சிக் குறையோ நேர்ந்தது அறுவையில் நூற்றுக்கு 69, குழாயில் 70 என்று ஏறக்குறைய சமமாகவே முடிந்தது. ஆயினும் குடல் அழுகல் என்று முன்கூட்டியே கருதப்பட்டவர்களில் குழாய்ப் பக்கம் 85 ஆகவும் அறுவைப் பக்கம் 69 ஆகவும் இருந்தது. தானே விழுந்த துவாரத்திலோ குழாயே சற்று மேலாகத் தோன்றியது. இரண்டில் எது என்பதை வயிற்றைத் திறக்காமலேயே வைத்தியர் அனுமானிக்க வேண்டியிருப்பதுதான் சங்கடம்.