பனித்தளத்தில் பாயும் வட்டு: ஐஸ் ஹொக்கியின் அடிமுறைகள்

கனடாவில், 1994ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தேசியக் குளிர்கால விளையாட்டாக அறிவிக்கப்பட்டது ஐஸ் ஹொக்கி ஆகும். இதில் பந்துக்குப் பதிலாக, 7.62 சென்ரிமீற்றர் விட்டமும் ஏறத்தாழ 160 கிராம் எடையும் கொண்ட ‘பக்’ எனப்படும் இறப்பர் வட்டு பயன்படுகிறது. அது துள்ளாதிருக்கும் பொருட்டு ஆட்டத்திற்கு முன் உறையவைக்கப்படுகிறது.

‘ரிஸ்ட் ஷொட்’ எனப்படும் மணிக்கட்டு அடியில், வீரர் வட்டை மட்டையின் அலகோடு ஒட்டியவாறே முன்னிழுத்து, உடல் எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்றி, மணிக்கட்டைச் சுழற்றி விடுவிப்பதால், வட்டு சுழன்றபடி நிலைகுலையாது குறியை நோக்கிச் செல்கிறது. ‘ஸ்லாப் ஷொட்’ எனப்படும் ஓங்கு அடியிலோ, மட்டை வட்டுக்குச் சற்றுப் பின்னே பனியில் மோதி வளைகிறது. அவ்வளைவில் சேர்ந்த ஆற்றல், மட்டை நிமிரும்போது வட்டுக்குக் கைமாறுகிறது. 2012இல் சிடேனோ சாரா என்னும் வீரர் இவ்வாறு அடித்த வட்டு மணிக்கு ஏறத்தாழ 175 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. எனினும், மட்டையை ஓங்குவதற்குள் எதிரணி விழித்துக்கொள்வதால், நெருக்கடியான வேளைகளில் மணிக்கட்டு அடியே பெரிதும் கைகொடுக்கிறது.

பெரும்பாலும் லடாக் வீராங்கனைகளைக் கொண்ட இந்திய மகளிர் அணி 2025ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டியில் வெண்கலம் வென்றமை, இவ்விளையாட்டு பனிநாடுகளுக்கு மட்டுமே உரியதன்று என்பதை உறுதிப்படுத்துகிறது.