படிப்பு விசா வேறு, வேலை விசா வேறு!

கல்வராயன் மலையடிவாரம். கரும்பும் மரவள்ளியும் விளையும் நிலத்தை அடகு வைத்து, மகனை லண்டனுக்குப் படிக்க அனுப்ப நினைக்கிறார் தகப்பனார். "படித்து முடித்ததும் அங்கேயே வேலை!" என்கிறார் தரகர்.

உண்மை என்ன?

பட்டப்படிப்பு மாணவர், கல்லூரி நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். படித்து முடித்தவர் தங்கி வேலை தேட, 2021-ல் பிரிட்டன் 2 ஆண்டு அனுமதி தந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமே! டாக்டர் பட்டக்காரர்களுக்கு மட்டும் 3 ஆண்டு.

அதற்குள், அரசு உரிமம் பெற்ற முதலாளி ஒருவர், சட்டம் சொல்லும் சம்பளத்தில் வேலை தர வேண்டும். அப்போதுதான் வேலை விசா. இல்லையேல் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரில் வட்டி காத்திருக்கும்!

பெற்றோரே, பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் மாதங்களை எண்ணிப் பாருங்கள்!