பத்து விநாடியில் பிடிபடாத துடிப்பு

படகேறும் முன் அடங்கும் படபடப்பு

அனலைதீவில் இரவு நெஞ்சு படபடத்த ஒருவர் இதய நிபுணரிடம் காட்டவேண்டுமானால், காலையில் படகேறி ஊர்காவற்றுறைக்கு வந்து, அங்கிருந்து தரைவழியே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அதற்குள் படபடப்பு அடங்கியிருக்கும். வழக்கமான ஈசிஜி பதிவது சுமார் 10 விநாடி. அந்த நேரம் துடிப்பு ஒழுங்காக இருந்தால் தாளிலும் ஒழுங்காகவே விழும். விட்டுவிட்டு வரும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற ஒழுங்கற்ற துடிப்பு இப்படித்தான் தப்பிவிடுகிறது. பாரிசவாதம் வரும் வாய்ப்பை அது ஏறத்தாழ 5 மடங்காக்கும். ஆகவே, கடல் கடந்து வருகிறவருக்கு நாட்கணக்கில் பதியும் கருவிதான் உண்மையில் பயன் தரும்.

ஒட்டுவதில்தான் எல்லாம்

1940களில் அமெரிக்கரான நோர்மன் ஹோல்டர் செய்த முதல் கருவியை முதுகில் சுமக்கவேண்டியிருந்தது. எடை சுமார் 38 கிலோ. இன்று நெஞ்சில் ஒட்டும் சிறு பட்டையே 14 நாள் வரை பதிகிறது. ஆனால் தோலுக்கு வந்துசேரும் இதய மின்சாரம் ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் மட்டுமே. பட்டை சற்று இளகினாலும் அசைவின் இரைச்சல் துடிப்பை மூடிவிடும். வலை இழுப்பவர், புகையிலைத் தோட்டத்துக்கு இறைப்பவர் எல்லோருக்கும் நெஞ்சுத்தோல் இழுபட்டுச் சுருங்குகிறது, வியர்க்கிறது. உலோகத் தகடோ அவ்வளவு இழுபடாது, வெடித்துவிடும். பழைய மின்முனைகளின் பசையும் காய்ந்துபோகும்.

இதற்காகவே இழுபடும் கடத்திகள் வந்தன. சிலிக்கோன் இறப்பருக்குள் வெள்ளி நுண்கம்பிகளைப் பின்னுகிறார்கள். இறப்பர் நீளும்போது கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினாலும் தொடர்பு அறுவதில்லை. மின்சாரம் கடத்தும் பொலிமர்களும், உப்புநீர் தாங்கிய ஹைட்ரோஜெல்லும் உண்டு. 2011இல் ஆய்வாளர் ஜோன் ரோஜர்ஸ் குழுவினர், பச்சை குத்தியதுபோல் தோலோடு படியும் மின்சுற்றை அறிவித்தார்கள். ஈரத்தில் ஒட்டவைக்கும் வித்தையைக் கடலிடமே கற்கிறார்கள்: அலையடிக்கும் பாறையைச் சில சிப்பிகள் விடாமல் பற்றியிருப்பது ‘டோபா’ என்ற வேதிப்பொருள் கொண்ட புரதங்களால். அதைப் பின்பற்றிய பசைகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுகூடத்தில்தான் இருக்கின்றன. அவை விரைவில் நம் மக்களின் நெஞ்சுக்கு வரவேண்டும் என்பதே என் ஆசை.

ஒட்டியவர்கள் கவனிக்க

ஒட்டும் இடத்தில் எண்ணெயும் பவுடரும் வேண்டாம். பட்டையோடு குளிக்கலாமா, கடலில் இறங்கலாமா என்று முதலே கேளுங்கள். படபடப்பு, தலைச்சுற்று வந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பில்லாமல் பதிவை வாசிப்பது கடினம். கொப்புளமோ தாங்கமுடியாத கடியோ வந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். முதியோரின் தோல் மெல்லியது. ஒரேயடியாக இழுக்காமல், தண்ணீரால் நனைத்து, தோலை ஒரு கையால் அழுத்தியபடி மெதுவாக உரியுங்கள்.

பல பட்டைகளின் பதிவு பின்னர்தான் வாசிக்கப்படுகிறது. அந்த நேரத்தில் யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் சோர்வு, வாய் கோணல் ஏதும் வந்தால் பட்டை இருக்கிறதே என்று விடியும்வரை காத்திராமல் உடனே தீவின் வைத்தியசாலைக்குப் போங்கள்.