லேப்டாப் செல்லில் ஓடிய கார்

உங்களிடம் பழைய லேப்டாப் இருக்கிறதா? அதன் அடியில் கழற்றி மாட்டும் பேட்டரிக்குள் பெரும்பாலும் ஆறு செல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் பென்சில் பேட்டரியைவிடச் சற்றுப் பெரியது. 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்பதால் இந்த வகைக்கு 18650 என்று பெயர். (ஆர்வத்தில் பிரித்துப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.)

2008-ல் அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ரோட்ஸ்டர் காரும் இதே அளவு லித்தியம் அயன் செல்களில்தான் ஓடியது. ஆறு அல்ல, 6,831 செல்கள்! காரின் விலையோ சுமார் 1 லட்சம் டாலர்.

விலை எவ்வளவு குறைந்தது?

கார் பேட்டரியின் கொள்ளளவை கிலோவாட்-ஹவர் என்று குறிப்பிடுவார்கள். பயப்பட வேண்டாம். கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட்தான் இது. புளூம்பெர்க் என்.இ.எஃப். ஆய்வின்படி, ஒரு யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரிக்கு 2010-ல் 1,000 டாலருக்கு மேல் ஆனது. 2024-ல் சராசரி 115 டாலர். அதாவது, 50 யூனிட் பேட்டரிக்கு அன்று 50,000 டாலருக்கு மேல். 2024 கணக்கில் 5,750 டாலர்.

எப்படிச் சாத்தியமானது?

முதல் காரணம், பெரிய தொழிற்சாலைகளில் நடக்கும் மொத்த உற்பத்தி.

இரண்டாவது, உள்ளே இருக்கும் பொருள். பல லித்தியம் பேட்டரிகளில் விலை உயர்ந்த நிக்கல், கோபால்ட் உள்ளன. இவற்றுக்குப் பதில் மலிவான இரும்பையும் பாஸ்பேட்டையும் கொண்டது எல்.எஃப்.பி. பேட்டரி. 1990-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு இதற்கு வழி கண்டது. இது எளிதில் தீப்பற்றாது. அதிக முறை சார்ஜ் ஏற்றலாம். ஆனால் அதே அளவு மின்சாரத்தைச் சேமிக்க எடை கூடும்.

அந்தக் குறையை ஈடுகட்டியது மூன்றாவது காரணம். முன்பு செல்களைச் சிறு பெட்டிகளில் அடுக்கி, அவற்றைப் பெரிய பெட்டியில் வைத்தார்கள். 2020-ல் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் அறிமுகப்படுத்திய பிளேடு பேட்டரியில் சிறு பெட்டிகளே இல்லை. பட்டையான நீண்ட செல்கள் நேரடியாகப் பெரிய பெட்டிக்குள் அடுக்கப்பட்டன. இடமும் செலவும் மிச்சம்.

வாங்கும் முன் கேளுங்கள்

இந்தியாவில் 2022-ல் டாடா டியாகோ இ.வி. 19.2, 24 யூனிட் என இரு பேட்டரி அளவுகளில் ரூ.8.49 லட்சம் ஆரம்ப விலையில் அறிமுகமானது. பேட்டரி சிறியதானால் விலை குறையும். ஓடும் தூரமும் குறையும். எனவே ஷோரூமில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

* பேட்டரி எத்தனை யூனிட்?
* எல்.எஃப்.பி. வகையா?
* கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வாரண்டியில் மாற்றித் தருவார்கள்?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். லேப்டாப் பேட்டரி பழசானால் சில ஆயிரங்களில் மாற்றிவிடலாம். கார் பேட்டரிக்கு லட்சங்கள் தேவை. பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள்.