கண்டி மாநகரின் அங்காடிகள்: வீதியிலிருந்து பேரங்காடிவரை

பண்டைத் தமிழர் அங்காடியைக் காலத்தால் இருவகைப்படுத்தினர். பகலில் நிகழ்வது நாளங்காடி. இரவிற் கூடுவது அல்லங்காடி. மதுரையின் இவ்விரு அங்காடிகளையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. புகார் நகரின் நாளங்காடி மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, மரச்சோலையின் நிழலில் அமைந்திருந்தமையைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. வெயிலும் காற்றும் அவ்வங்காடிகளிற் தடையின்றிப் புகுந்தன. இக்காலத்து மூடிய பேரங்காடியோ பகலிரவு வேறுபாடு அறியாதது. கூரையும் கண்ணாடியும் குளிரூட்டும் பொறியும் மின்விளக்கும் கூடி மாறாத ஒரு பொழுதை அதனுள்ளே படைக்கின்றன. இத்தகைய பேரங்காடியொன்று கண்டி மாநகரின் நடுவே தலதா வீதியில் 2005ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. ‘கண்டி சிற்றி சென்ரர்’ எனப் பெயரிய அதன் வரலாற்றையும், அதற்கு முன்னும் பின்னும் அந்நகரத்துக் கடைகள் மாறியவாற்றையும் ஈண்டு ஆராய்வாம்.

கூரையிட்ட கடைத்தெரு உலகிற்குப் புதியதன்று. இலண்டனில் 1819இலேயே பேளிங்ரன் ஆர்கேட் எழுந்தது. ஆயினும், முழுவதும் மூடப்பெற்று, உள்ளிருக்கும் வெப்பநிலையையும் கட்டுப்படுத்திய முதற் பேரங்காடியெனச் சொல்லப்படுவது, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஈடைனா என்னும் ஊரில் 1956இல் திறக்கப்பட்ட சவுத்டேல் ஆகும். அதனை அமைத்த விக்டர் குருவென், வியன்னாவிற் பிறந்து 1938இல் நாசிகளின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சேர்ந்த கட்டடக் கலைஞர். மோட்டார் வண்டியிற் பிரிந்து வாழ்ந்த புறநகர் மக்கள் மீண்டும் ஓரிடத்திற் கூடிப் பழகவேண்டும் என்பது அவர் கருத்து. பின்னாளில், இலாபமே குறியாகப் பெருகிய பேரங்காடிகளைத் தம்முடைய படைப்பின் வழித்தோன்றல்களாக ஏற்க அவரே மறுத்துவிட்டார். நம் நாட்டில் இவ்வகைக் கட்டடங்கள் கொழும்பிலேயே முதலில் தோன்றின. 1980களில் லிபேட்டி பிளாசாவும், 1990களில் மஜெஸ்ரிக் சிற்றியும் மக்களை ஈர்த்தன. அதன் பின்னரே கண்டியின் முறை வந்தது.

கண்டியின் கடைவீதிகளோ அதற்கு நெடுங்காலம் முற்பட்டவை. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயபின், மன்னர்கால வீதிகள் சில ஆங்கிலப் பெயர் பூண்டன. தலதா வீதி வார்ட் வீதி எனப்பட்டது. கோப்பித் தோட்டங்கள் பெருகவே தோட்டத்துரைமாரும் வங்கிகளும் ஐரோப்பியக் கடைகளும் நகரை நாடின. 1844இல் தொடங்கிய காகில்ஸ் நிறுவனமும் இவ்வீதியிற் கிளைபரப்பியது. 1867இல் கொழும்பிலிருந்து புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது. கோப்பி நோயால் அழிந்து தேயிலை தழைத்தபோதும் வணிகம் குன்றவில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் பணம் கடன் கொடுத்தனர். தென்னிந்திய முஸ்லிம்களும் இலங்கைச் சோனகரும் யாழ்ப்பாணத்தவரும் சிங்கள வணிகரும் அருகருகே கடை வைத்தனர். சம்பள நாளை அடுத்துத் தோட்டத் தொழிலாளர் சேலைக்கும் பாத்திரத்துக்கும் நகைக்கும் நகரை நோக்கி வந்தனர். கடனைக் கொப்பியில் எழுதிவைத்து, வாங்குவோரின் முகமறிந்து, மொழிக்கொரு சொல் பேசி விற்ற காலம் அது.

இவ்வீதிக் கடைகள் மாறியதற்குக் காரணங்கள் பல. அவற்றுட் சில சட்டத்தால் விளைந்தன. சுதந்திரத்தின் பின் வந்த குடியுரிமைச் சட்டங்களும் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையும் இந்திய வம்சாவளியினர் பலரை நாட்டைவிட்டு அனுப்பின. அவர்களோடு கடைக்காரரும் சென்றனர், வாங்குவோரும் சென்றனர். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடைத்தட்டுகளை வெறுமையாக்கிற்று. 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் அவற்றை மீண்டும் நிரப்பிற்று. வேறு சில மாற்றங்கள் தீயினால் விளைந்தன. 1983 யூலையில் கண்டி நகரத் தமிழர் கடைகள் பல எரியூட்டப்பட்டன. 2018 மார்ச்சில் திகன முதலிய அயலூர்களில் முஸ்லிம்களின் கடைகளுக்கும் அதே கதி நேர்ந்தது.

இனிப் பேரங்காடியை நோக்குவாம். கண்டி நகரம் 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பெற்றது. அதனால் தலதா மாளிகைக்கு அணித்தாய் எழும் புதுக்கட்டடம் ஊரின் சாயலோடு இசையவேண்டுவதாயிற்று. சிற்றி சென்ரரின் சாய்ந்த கூரைகள் கண்டியச் சிற்பமரபை நினைவூட்டும் நோக்குடையன. உள்ளேயோ உலகப் பொது முறையே காணப்படும். நடுவே திறந்த வெளி. அதனைச் சுற்றித் தளந்தோறும் கடைகள். ஏறவும் இறங்கவும் நகரும் படிக்கட்டுகள். வங்கிகள், உடைக்கடைகள், கைத்தொலைபேசிக் கடைகள், உணவுக்கூடம் எனப் பல.

இவ்வமைப்பிலே ஒரு நுட்பம் உண்டு. பெருங்கடையொன்றைக் குறைந்த வாடகைக்கேனும் இருத்திவிட்டால், அதனை நாடி வருவோர் வழியிலுள்ள சிறுகடைகளையும் காண்பர். அச்சிறுகடைகள் சதுர அடிக்குக் கூடிய வாடகை கொடுக்கும். உணவுக்கூடத்தை மேல்தளத்தில் வைத்தால் பசித்தவர் எல்லாத் தளங்களையும் கடந்தே செல்லவேண்டும். வீதியில் ஒவ்வொரு கடைக்காரனும் தன் விருப்பப்படி தொழில் செய்வான். பேரங்காடியில் எந்தக் கடைக்கு அருகே எந்தக் கடை என்பதைக் கட்டட உடைமையாளரே தீர்மானிப்பர். பெயர் பேரங்காடியாயினும் அங்கே பேரம் பேசுதற்கு இடமில்லை. விலை சீட்டிலே ஒட்டப்பட்டிருக்கும்.

இம்முறையிற் கடை மாறுவது இயல்பாகின்றது. வீதிக்கடையிற் தந்தையின் பெயர்ப்பலகையின்கீழ் மகன் அமர்வான். பேரங்காடியில் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பலகை இறங்கும். மறுமாதம் வேறொரு பலகை ஏறும். ஒளித்தட்டும் புகைப்படச் சுருளும் வழக்கொழிந்தபோது அவற்றை விற்ற கடைகள் எங்கும் மறைந்தன. கைத்தொலைபேசிக் கடைகள் பெருகின. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் உல்லாசப் பயணிகள் அருகினர். 2020இற் கொள்ளைநோயும், அதனையொட்டி வந்த இறக்குமதித் தடைகளும் வணிகத்தை முடக்கின. 2022இல் நாடு கடனிறுக்க இயலாது நின்றபோது, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு நிகழ்ந்தது. சாளரமற்ற கடைக்கு மின்சாரமே சூரியன். மின்பிறப்பாக்கிக்கு வேண்டிய டீசலும் அப்போது அரிதாயிற்று. நாளங்காடி, அல்லங்காடி என்ற பழம்பிரிவு அக்காலத்திலே மீண்டும் பொருளுடையதாயிற்று எனலாம். வீதியோரக் கடை கதவைத் திறந்து பகல் வெளிச்சத்திலே விற்றது.

ஆயினும் பேரங்காடியை வெறுத்தொதுக்குதல் நேரிதன்று. மழைக்கு ஒதுங்க இடமும், முதியோர்க்கு மின்தூக்கியும், பெண்கள் அச்சமின்றி உலாவும் வெளிச்சமும் அங்குண்டு. இளைஞர் ஒன்றும் வாங்காது உலாவி மகிழ்வர். குருவென் விரும்பிய நகரச் சதுக்கம் ஓரளவேனும் அங்கே வாய்த்துள்ளது. ஆனால் கடன் கொப்பியை நம்பி வாழும் தோட்டக் குடும்பத்துக்கு அங்கே கொள்ளுதற்குரியது சிறிதே. அவர்க்கு மத்திய சந்தையும் நடைபாதை வணிகரும் வீதிக்கடையுமே இன்றும் துணை.

கடைகள் மாறுவது வணிகத்தின் இயற்கை. வாடகை ஏறியோ, பொருள் வழக்கொழிந்தோ, வாங்குவோர் சுவை திரும்பியோ ஒரு கடை மூடினால், அவ்விடத்தில் வேறொன்று முளைக்கும். மூடியவனும் வேறோரிடத்தில் தொடங்கலாம். சட்டத்தால் நாடிழந்தவனும் தீயினால் முதலிழந்தவனும் அவ்வாறு தொடங்குதல் அரிது. பேரங்காடியின் வாயிற்காவலன் உள்ளிருக்கும் கடைகளை மட்டுமே காப்பான். வீதியிலுள்ள கடைகளுக்குக் காவல், நகரத்து மக்கள் ஒருவர்க்கொருவர் காட்டும் நீதியும், அந்நீதியைத் தாங்கும் அரசுமே ஆகும். ஆகலின், கண்டியின் வணிக வரலாற்றை எழுதப் புகுவோர் புதிய கட்டடத்தின் தளங்களை எண்ணுவதோடு அமையாது, மறைந்த பெயர்ப்பலகைகள் எவை, அவை எதனால் மறைந்தன என்பதையும் வகைப்படுத்தி எழுதுதல் வேண்டும். பழைய கணக்குப் புத்தகங்களும் முதியோர் நினைவுகளும் இன்னும் முற்றாய் அழிந்துவிடவில்லை. மாணவர் அவற்றைத் தேடித் தொகுப்பராயின், அது இந்நகருக்கு அவர் செய்யும் நற்பணியாகும்.