சுற்றி வந்தாலும் சுருதி குறையாது

தீபாவளிக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும்போது பல வீடுகளில் எழும் கேள்வி இது: "தரையில் கிடக்கும் இந்த வயரை எங்காவது மறைக்க முடியாதா?"

தொலைக்காட்சி ஒரு சுவரில் இருக்கிறது. எதிர்ப்பக்கம் சோபா. அதற்குப் பின்னால் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள். இடையில் நான்கு மீட்டர் தரை. அதன் குறுக்கே வயர் ஓடுகிறது. இல்லாவிட்டால் தரைவிரிப்புக்கு அடியில் புகுந்து, மேலே ஒரு மேட்டை எழுப்பி நிற்கிறது.

சிங்கப்பூரில் வசிப்போரில் பத்துக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே கூடம் என்பது எல்லாருக்கும் பொதுவான இடம். மகன் பாட்டுக் கேட்பான், பேத்தி தவழ்வாள், நள்ளிரவில் தண்ணீர் குடிக்கப் பாட்டி விளக்கைப் போடாமலே நடந்து வருவார். லிட்டில் இந்தியா வட்டாரத்தில் அறை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து தங்கும் வேலையாட்களுக்கும் மாணவர்களுக்கும் இதே நிலைதான். ஒருவரின் வயர் இன்னொருவரின் காலில் மாட்டும்.

இது சின்ன விஷயம் அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, விபத்துக் காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது தவறி விழுதல். விழுந்து உயிரிழப்போரில் முதியவர்களே அதிகம்.

அப்படியானால் வயரைச் சுவரோரமாகச் சுற்றிக் கொண்டுபோனால் என்ன? "நீளம் கூடினால் ஒலி கெட்டுவிடும்" என்ற பதில் உடனே வரும். அது எவ்வளவு உண்மை என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நீளமா, பருமனா?

மின்னோட்டத்துக்குக் கம்பி ஒரு தடை தருகிறது. நீளம் கூடினால் தடை கூடும். பருமன் கூடினால் தடை குறையும். கடைகளில் 0.75, 1.5, 2.5 என்று சொல்வது செப்புக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்.

கூடத்தின் குறுக்கே 4 மீட்டர் தூரத்துக்கு 0.75 வயர் போடுவதாக வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் மொத்தம் 8 மீட்டர் செம்பு. அதன் தடை சுமார் 0.18 ஓம். இப்போது அதே ஒலிபெருக்கிக்குச் சுவரோரமாக, கதவுச் சட்டத்தின் மேல் ஏறி இறங்கி, 12 மீட்டர் சுற்றி 2.5 வயர் போடுவோம். போக வர 24 மீட்டர். தடை சுமார் 0.17 ஓம்தான். மூன்று மடங்கு தூரம் சுற்றியும் தடை சற்றுக் குறைந்தே இருக்கிறது.

வீட்டு ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் 4 முதல் 8 ஓம் வரை மின்மறுப்பு உள்ளவை. கம்பியின் தடை அதில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. 8 ஓமுக்கு 0.4, 4 ஓமுக்கு 0.2. நம்முடைய 12 மீட்டர் சுற்றுவழி இரண்டுக்குமே பொருந்துகிறது. 8 ஓம் ஒலிபெருக்கியில் இதனால் குறையும் ஒலி 0.2 டெசிபலுக்கும் கீழே. சத்தம் ஏறியதையோ இறங்கியதையோ சாதாரணமாக உணர ஏறத்தாழ ஒரு டெசிபல் வேறுபாடு வேண்டும்.

இரண்டும் ஒரே நீளம் வேண்டுமா?

இடப்பக்க வயர் 4 மீட்டர், வலப்பக்க வயர் 12 மீட்டர் என்றால் ஒலி முன்பின்னாக வராதா என்று சிலர் அஞ்சுவார்கள். மிச்ச வயரைச் சோபாவுக்குப் பின்னால் சுருட்டி வைப்பதும் இதனால்தான்.

கம்பியில் மின்குறிப்பு நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 8 மீட்டர் வித்தியாசத்துக்கு ஆகும் தாமதம் ஒரு நொடியில் 2.5 கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் காற்றில் ஒலி நகரும் தூரம் 0.014 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. சோபாவில் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தால் ஏற்படும் மாற்றம் இதைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரியது. ஆகவே ஒவ்வொரு வயரும் தன் வழிக்கு வேண்டிய நீளம் இருந்தால் போதும்.

சுவருக்குள் புதைக்கலாமா?

பார்வைக்கு இதுவே அழகு. ஆனால் அடுக்குமாடி வீட்டில் எல்லாச் சுவரும் நமக்கு மட்டும் சொந்தமல்ல. தூண், உத்தரம், வலுவூட்டிய கான்கிரீட் சுவர் ஆகியவற்றில் காடி வெட்டி வயர் பதிக்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அனுமதிப்பதில்லை.

இதற்கு அறிவியல் காரணம் உண்டு. கான்கிரீட்டின் மேற்பூச்சு உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிகளை ஈரக்காற்றிலிருந்து காக்கிறது. காடி வெட்டினால் அந்தக் காப்பு மெலிந்துவிடும். ஈரம் புகுந்தால் எஃகு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளிருந்து கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கும். பழைய வீடுகளின் கூரையில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் இது நடக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சுவர்தான் மேல்வீட்டையும் தாங்குகிறது.

1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில், பேச்சில் 'பாம் ஷெல்டர்' என்று சொல்லும் காப்பறை இருக்கும். அதன் சுவரைத் துளைத்து வயர் கொண்டுபோகவே கூடாது. காற்றுப் புகாமல் அடைபட வேண்டிய அறை அது.

சுமை தாங்காத செங்கல் தடுப்புச் சுவரில் பதிக்கலாம் என்றாலும் முன்கூட்டியே விதிகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. சுவர் உடைப்பது போன்ற இரைச்சலான வேலைகளுக்குச் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் அனுமதி இல்லை.

கம்பியில்லா ஒலிபெருக்கி வாங்கினால்?

அதற்கும் மின்சாரம் வேண்டும். மின்கலத்தில் ஓடாத ஒலிபெருக்கி என்றால் ஒவ்வொன்றும் சுவரிலுள்ள 230 வோல்ட் பிளக்கில் செருகப்பட வேண்டும். சோபாவுக்குப் பின்னால் பிளக் இல்லாவிட்டால் நீட்டிப்பு வயர் தரையில் ஓடும்.

சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது ஒலிபெருக்கிக் கம்பியில் இருப்பது மூன்று வோல்ட் அளவுதான். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 100 வாட் முழு வீச்சில் கொடுத்தாலும் சுமார் 28 வோல்ட். அதை அகற்றிவிட்டு 230 வோல்ட் வயரைத் தரைவிரிப்புக்கு அடியில் போடுவது நல்ல மாற்றம் ஆகாது. விரிப்புக்குக் கீழே வயரின் சூடு வெளியேற வழியில்லை; மிதிபட்டுக் காப்புறை கிழிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. புதிய பிளக் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

செய்முறை

முதலில் வீட்டில் யார், எந்த நேரத்தில், எந்த வழியாக நடக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பாதைகளைத் தொடாத வழியைத் தேர்ந்தெடுத்து, ஒரு கயிற்றைச் சுவரோரமாக வைத்து அளந்துகொள்ளுங்கள். இரு முனையிலும் அரை மீட்டர் கூட்டுங்கள்.

தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில், ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் மின்னணு உதிரிப்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கு வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும் வயரின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கக்கூடும். அதே பருமனில் அதன் தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. விலை மலிவு என்று அதை வாங்குவதானால் ஒரு படி பருமனானதை எடுங்கள்.

டிரங்கிங் எனப்படும் பிளாஸ்டிக் மூடிப்பட்டைக்குள் வயரை விட்டு, சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஒட்டிவிடலாம். வாடகை வீட்டில் துளை போடாமல் இருபக்கம் ஒட்டும் நாடா போதும். வீட்டைக் காலி செய்யும்போது முடி உலர்த்தியால் சூடுகாட்டி மெதுவாகப் பிரித்தால் வர்ணம் பெயர்வது குறையும். பட்டைக்குச் சுவரின் நிறத்தையே பூசினால் கண்ணில் படாது.

மின்சார வயரும் ஒலிபெருக்கி வயரும் ஒரே பட்டைக்குள் இருக்கக் கூடாது. ஒன்றின் காப்புறை பழுதானால் 230 வோல்ட் மற்றதில் ஏறிவிடும். இரண்டும் சந்திக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்க விடுங்கள். வயரை ஆணியாலோ ஸ்டேப்ளராலோ அடிக்க வேண்டாம். இரு கம்பிகளையும் அது துளைத்து இணைத்தால் ஒலிப்பெருக்கச் சாதனம் பழுதாகும். சாமி மாடத்து விளக்கருகே கொண்டுபோக வேண்டாம். பிளாஸ்டிக் சூட்டில் இளகும்.

வேலை முடிந்த அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, படுக்கையறையிலிருந்து சமையலறை வரை ஒருமுறை மெல்ல நடந்து பாருங்கள். காலில் எதுவும் தட்டவில்லை என்றால் வயர் சரியான இடத்தில் இருக்கிறது.